ஒன்பதாம் வட்டாரத்து மெம்பர்

இலங்கைத் தீவில் ஒரு தேர்தலிலும் தோற்காத அரசியல்வாதி யாரென்று கேட்டால், எங்கள் மெம்பரைத்தான் சொல்வேன். அவரைத் தோற்கடிக்க யாராலும் முடியவில்லை. கடைசியில் அரசாங்கம் அவருடைய வட்டாரத்தையே ஒழித்துப் பார்த்தது. அப்போதும் முடியவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் நகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுதான் ஒன்பதாம் வட்டாரம். நகரசபைக்கு வட்டாரம் பிரித்தவர்கள் முதல் எட்டையும் கவனமாகப் பிரித்துவிட்டு, மிஞ்சிய கண்டல் புதர், சதுப்பு, ஒரு பேக்கரி, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு மெதடிஸ்த பள்ளிக்கூடம், நூறு குடிசை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒன்பது என்று பெயர் வைத்தார்கள். வாக்காளர்களைவிட நண்டுகள் அதிகம். நண்டுகளுக்கு வாக்குரிமை இருந்திருந்தால் எங்கள் பக்கத்துக்குத் தார் ரோடு எப்போதோ வந்திருக்கும்.

இந்த வட்டாரத்தில் கடைசியாக நடக்க வேண்டியிருந்த தேர்தலில் இரண்டு பேர் போட்டியிட நினைத்தார்கள். ஒருவர் பேக்கரி முதலாளி. மற்றவர் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் ஆள். நியமனப் பத்திரம் கொடுக்கிற நாளுக்கு முதல்நாள் கரடியனாற்று வயல் வட்டையில் வேளாண்மை பார்க்கப் போன பேக்கரி முதலாளி, வெள்ளம் பாதையை மூடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். எங்கள் ஆள் போட்டியின்றித் தெரிவானார். "எனக்கு எதிரா ஒரு வோட்டும் விழல்ல" என்று சாகும்வரை சொன்னார். உண்மைதான். ஆதரவாகவும் ஒன்றும் விழவில்லை.

சில வருடங்களில் வட்டார முறையை எடுத்துவிட்டு முழு நகரத்தையும் ஒரே தொகுதியாக்கினார்கள். பிறகு யுத்தம் வந்தது. சபையையும் கலைத்து ஓர் அதிகாரியின் கையில் கொடுத்தார்கள். செய்தி சொல்ல வந்த சபைப் பியோனிடம் மெம்பர் அமைதியாகக் கேட்டார். "வட்டாரத்த எடுத்திட்டாங்க, சரி. அதுக்குள்ள இருக்கிற சனத்த எங்க கொண்டுபோய் வைக்கிறதாம்?"

பியோன் தலையைச் சொறிந்தார். மெம்பர் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டார். அடுத்தநாள் காலை வெள்ளைச் சட்டையும் குடையுமாக வழக்கம்போல் வட்டாரம் பார்க்கக் கிளம்பினார். தெருவோரக் கானில் குப்பை அடைத்துத் தண்ணீர் நின்றால் குடைக்கம்பியால் குத்தி விடுவார். மதகில் ஆடு கட்டினால் அவிழ்த்து விடுவார். எட்டாம் வட்டாரத்திலிருந்து யாராவது குறை சொல்லி வந்தால், "அது என்ட எல்லைக்கு அங்கால. உங்கட மெம்பரிட்டப் போங்க" என்பார். அந்த மெம்பர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து வெகுகாலம்.

ஒருமுறை எல்லைக் கல்லில் ஒரு மாடு செத்துக் கிடந்தது. தலை எங்கள் பக்கம், வால் எட்டாம் வட்டாரம். மெம்பர் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார். ஷெல்லுக்குப் பயந்த சனம் நாற்றத்துக்குப் பயப்படாது என்று எட்டாம் வட்டாரத்தார் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் அவரே கயிறு கொண்டுவந்து, எங்களையும் கூப்பிட்டு, மாட்டை முழுதாக எங்கள் பக்கம் இழுத்தார். "இனி இது நம்மட மாடு. கிடங்கு வெட்டித் தாழுங்க" என்றார். செத்த மாட்டுக்குக் குடியுரிமை கொடுத்த ஒரே மெம்பரும் அவர்தான்.

மதகடிச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். அவர்கள் வைத்திருந்த தார்ப் பீப்பாய் தண்ணீரை மறிக்கிறது என்று தினமும் முறைப்பாடு செய்வார். அவர்கள் பிஸ்கட் கொடுத்து அனுப்புவார்கள். பிரச்சினை, அந்தப் படையை மாற்றிப் புதிய படை வந்தபோதுதான் தொடங்கியது.

புதியவர்கள் வந்த கையோடு ஒரு சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் உட்கார வைத்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைபார்த்த நானும் அங்கே இருந்தேன். மெம்பர் மட்டும் உட்காரவில்லை. பேக்கரி முதலாளிக்கு அவர்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

"மெம்பர், வெயிலில நிக்காதிங்க. இஞ்சால வந்து இரிங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

அந்தக் காலத்தில் ஆயுத இயக்கங்களில் இருந்தவர்களையும் எங்கள் பக்கத்தில் 'மெம்பர்' என்றுதான் சொல்வார்கள். புதிய படையின் அதிகாரிக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல்லும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். மறுநிமிடம் மெம்பரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிங்களம் தெரிந்தவன் யார் என்று கேட்டு, பொலன்னறுவையில் கொஞ்சக்காலம் வேலைசெய்த என்னையும் பிடித்து இழுத்தார்கள்.

"நீ மெம்பரா என்று கேள்" என்றார் அதிகாரி.

"சேர் உங்கட பேரக் கேக்கிறார்" என்றேன் நான்.

மெம்பர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, மெம்பர் எண்டது எனக்கும் விளங்கிச்சு." பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்த்து, "யெஸ் சேர். மெம்பர்" என்றார்.

"எந்த இயக்கம்?"

"ஒன்பதாம் வட்டாரம்."

அதிகாரி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த இயக்கங்களின் எண்ணிக்கைக்கு, இன்னொன்று முளைத்திருப்பதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

"தலைவர் யார்?"

"தலைவர் இல்ல. நான் சுயேச்சை."

"உனக்குக் கீழே எத்தனை பேர்?"

"எல்லா வீட்டிலயும் இருக்காங்க சேர். பொம்புளையள், புள்ளையள் எல்லாரும்தான்."

நான் சிங்களத்தில், "வயசாளி, புத்தி கொஞ்சம் சரியில்லை" என்று சொன்னேன்.

"என்ன சொன்னாய்?" என்று மெம்பர் கேட்டார்.

"உங்களப் பத்தி நல்லாத்தான் சொன்னன்."

அதிகாரி என்னை நம்பவில்லை. மெம்பரை ட்ரக்கில் ஏற்றச் சொன்னார். முந்தைய சுற்றிவளைப்பில் அந்த ட்ரக்கில் ஏறிய இரண்டு பேரை அவர்களுடைய வீட்டார் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். மெம்பர் ஏறி, கூட்டத்துக்குப் போகிறவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேலிக்கு வெளியே நின்ற பெண்களுக்குள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார். நாங்கள் மெம்பர் மாமி என்போம். மறித்த ஆமிக்காரனின் துவக்கை, கொடிக்கயிற்றை விலக்குவதுபோல விலக்கிக்கொண்டு ட்ரக்கின் பின்பலகையைப் பிடித்தார்.

"சேர், இவர் மெம்பர் இல்ல" என்றார். "இவர்ட வட்டாரமும் இல்ல, சபையும் இல்ல. அதெல்லாம் எடுத்து எத்தின வருசம். இந்த மனுசன் விடிஞ்சா குடையத் தூக்கிக்கிட்டு கான் பாக்கப் போறார். அவ்வளவுதான். இவர்ட சொல்ல ஆரும் கேக்கிறல்ல. நானே கேக்கிறல்ல."

இந்த முறை நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய வீட்டிலும் மனைவி அப்படித்தான் போலும். "அவனே சொல்லட்டும், நான் மெம்பர் இல்லை என்று. விட்டுவிடுகிறேன்" என்றார்.

அதை நான் மெம்பருக்குச் சொன்னேன். மாமி அவரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. மெம்பர் அதைப் பார்த்தார்.

"மெம்பர் இல்ல, சேர்" என்றார்.

உயிரோடு இறங்கி வந்தார். ஆனால் அடுத்தநாள் வட்டாரம் பார்க்கக் கிளம்பவில்லை. அதற்கு அடுத்தநாளும் இல்லை. குடை ஆணியில் தொங்கியது. கான்கள் நிரம்பின, மதகில் ஆடுகள் குடும்பம் நடத்தின. இத்தனை காலம் அவரைப் பார்த்துச் சிரித்தே பொழுதுபோக்கிய எங்களுக்குத் தெருவே செத்துப்போனதுபோல இருந்தது. பேக்கரி முதலாளி சூடான பாணோடு போய், "மெம்பர்" என்று தொடங்கினார். "நான் மெம்பர் இல்ல. ஆபிசரிட்டயே சொல்லிப்போட்டன்" என்று பதில் வந்தது. பாணை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று சொல்ல ஒருநாள் காலை நான் அவர் வீட்டுக்குப் போனேன். மெம்பர் விறாந்தையில் சாரமும் வெறும் மேலுமாக இருந்தார். மாமி உள்ளிருந்து வந்து, எங்களைத் தாண்டி, படலையைத் திறந்து தெருவுக்குப் போனார். படலையைச் சாத்தினார். பிறகு வெளியே நின்றபடி தட்டினார்.

"மெம்பர் இரிக்காரா?"

மெம்பர் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து மாமி அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாருங்க" என்பதைத் தாண்டியதில்லை.

"எங்கட வீட்டுக்கு முன்னால கான் அடைச்சிக் கிடக்கு மெம்பர். நுளம்புக் கடி தாங்கேலாது. ஆரிட்டச் சொல்றதெண்டு தெரியல்ல."

மெம்பர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்கட வீடு எந்த வட்டாரம்?"

"ஒன்பது."

"இவ்வளவு நாளும் ஏன் வந்து சொல்லல்ல?" என்று கண்டிப்பாகக் கேட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையைத் தேடி உள்ளே போனார். மாமி படலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லாமலே நான் திரும்பிவிட்டேன்.

மெம்பர் கண்ணை மூடி வெகுகாலம். அதற்குப் பிறகு நான் வேறு ஊர்களில் குடியிருந்தேன். அங்கெல்லாம் முறைப்படி தேர்தலில் நின்று, ஆயிரக்கணக்கான வாக்கில் வென்று, வாகனத்தில் வந்து இறங்கிய உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் மெம்பர் என்று கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை.