ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் நான் பிடித்த ஒரே கேட்ச்

நான் ஒரு முன்னாள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரன். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி மாலதி கல்யாணமான நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். வீரன் என்பதை நம்பாவிட்டாலும், என் மூக்கைப் பார்க்கிறவர்கள் ஏதோ நடந்திருக்கிறது என்பதையாவது நம்புவார்கள். அது இரண்டு கண்ணுக்கும் நடுவில் நேராகத்தான் கிளம்புகிறது. பாதி வழியில் மனம் மாறி இடது பக்கம் திரும்பிவிடுகிறது. என் ஆட்ட வாழ்க்கை மொத்தம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதில் பந்து என் கையில் இருந்தது இரண்டு விநாடி.

தொண்ணூற்றெட்டாம் வருடம். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்ற பயத்தில், கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்களை அமெரிக்கா விமானம் விமானமாக இறக்கிக்கொண்டிருந்தது. தெரியாதவர்களும் சிலர் அந்தக் கூட்டத்தோடு வந்து இறங்கினோம். என்னை நியூ ஜெர்சிக்குக் கூட்டி வந்த கன்சல்டன்சி, பிஸ்கட்டவே என்ற ஊரில் நான்கு பேருக்கு ஒரு அபார்ட்மென்ட் பிடித்துக் கொடுத்தது. மற்ற மூன்று பேரும் டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று ப்ராஜெக்ட் கிடைத்து ஒரே மாதத்தில் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது நாலு தட்டு, நாலு டம்ளர், நான் ஒருத்தன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்காரர் ஒருவர் தன் காரிலிருந்து என்னை இறக்கிவிட்டால், திங்கள் காலை அதே கார் வரும்வரை என் வாய்க்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. எனக்கு லைசென்ஸ் கிடையாது, டிவி கிடையாது. ஒன்றரை மைல் நடந்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவேன். சாமான் வாங்க அல்ல. கல்லாவில் நிற்கும் அம்மாள் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்பார், அதற்காக. அது பதிலை எதிர்பார்க்காத கேள்வி என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் முழுசாகப் பதில் சொல்வேன். சளி பிடித்தது, ஹீட்டர் மக்கர் பண்ணியது, ஈரோட்டிலிருந்து அம்மாவின் கடிதம் வராதது எல்லாம் சொல்வேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். (ஒரு சனிக்கிழமை மூன்று தடவை போய், தடவைக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம் வாங்கினேன். மூன்றாவது தடவை அந்த அம்மாள் கேட்கவே இல்லை.) அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி ரெஸ்யூமே. என் அழிவுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. எழுதியவர் கன்சல்டன்சி முதலாளி பாஸ்கர்.

"தம்பி, உனக்கு கோபோல்ல மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்."

"சார், நாலு வாரம்தான் சார் கோர்ஸ் போனேன்."

"எல்லாரும் அப்படித்தாம்பா வந்தாங்க. சரி, ஹாபி என்ன?"

"அப்படி ஒண்ணும் இல்ல சார். தெருவுல கிரிக்கெட் ஆடுவேன்."

"ஹாபி இல்லாதவனை இங்க மனுஷனாவே மதிக்க மாட்டான். கிரிக்கெட்னா இவனுங்களுக்குப் புரியாது. ஃபுட்பால் போட்டுடறேன். யூனிவர்சிட்டி டீம் கேப்டன். ஓகேவா?"

நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன். அதுவரை நான் காலால் உதைத்ததெல்லாம் ஸ்டார்ட் ஆகாத மொபெட்டை மட்டும்தான்.

என்னை வேலைக்கு எடுத்த கம்பெனியின் மேனேஜர் கிரெக், ஆஸ்திரேலியாக்காரர். மெல்போர்ன். ஆறடிக்கு மேல் உயரம், நாற்பதைத் தாண்டிய வயது, நடக்கும்போது வலது முட்டி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். அவர் மேஜையில் இரண்டு போட்டோ. ஒன்றில் ஒரு சின்னப் பெண், முன் பல் இரண்டு இல்லாமல் சிரிப்பாள். இன்னொன்றில் கையில்லாத பனியனும் குட்டி டிராயருமாக இளவயது கிரெக், இன்னொருத்தன் தோளில் முட்டி வைத்து ஆகாயத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஏதோ அடிதடி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் என் இடத்துக்கு வந்தார். கையில் என் ரெஸ்யூமே.

"சுந்தோ," என்றார். (என் பெயர் சுந்தர். ஆஸ்திரேலியாக்காரர்கள் பிடித்தவர்கள் பெயரை இப்படித்தான் ஒடித்துக் கூப்பிடுவார்களாம்.) "நீ ஃபுட்பால் கேப்டன்னு சொல்லவே இல்லையே!" பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான், என் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.

மெல்போர்னில் ஃபுட்பால் என்றால் ஆஸ்திரேலிய ஃபுட்பால்தானாம். அதற்கு அவர் ஒரு டீம் வைத்திருந்தார். பதினெட்டுப் பேர் ஆட வேண்டிய ஆட்டம். அத்தனை பேருக்கு நியூ ஜெர்சியில் எங்கே போவது? அதனால் பக்கத்துக்கு ஒன்பது என்று சுருக்கியிருந்தார்கள். அதிலும் அவருக்கு எட்டுப் பேர்தான் தேறினார்கள். சனிக்கிழமை பிலடெல்பியாவிலிருந்து ஒரு டீம் வருகிறது. ஒன்பதாவது ஆள் நான்.

உடனே பாஸ்கருக்கு போன் போட்டேன். "சார், உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"ஐயையோ! ஃபுட்பால் பொய்னு தெரிஞ்சா கோபோல் மட்டும் எப்படி உண்மைன்னு கேப்பான். வேலை போச்சுன்னா விசா போச்சு, அடுத்த ஃப்ளைட்ல ஈரோடு. போய் ஓடு தம்பி. ஓடத் தெரியும் இல்ல?"

அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பயத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. சனிக்கிழமைக்கு என்னை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்! வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஷூவைக் கழுவி ரேடியேட்டர் மேல் காயவைத்தேன்.

மைதானத்தில் எனக்கு ஒரு டிராயர் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஈரோட்டில் மொட்டை மாடிக்குக்கூடப் போக முடியாது. கிரெக் ஐந்து நிமிடத்தில் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். இளநீர்க் காய் மாதிரி நீள்வட்டப் பந்து. கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறிய மட்டும் கூடாது. உதைத்து வரும் பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால், பிடித்தவனை யாரும் தொடக் கூடாது. அவன் நின்று நிதானமாக உதைக்கலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எங்கள் கோலுக்கு முன்னால் என்னை நிறுத்தி, "இங்கேயே நில்லு" என்றார். பந்து அந்தப் பக்கம் ரொம்ப வராது என்ற நம்பிக்கை அவருக்கு.

அவர் நம்பிக்கை கடைசி நிமிடம் வரை பலித்தது. நானும் பந்து இல்லாத இடமாகப் பார்த்து மூச்சிரைக்க ஓடினேன். மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தோம். இன்னும் ஒரு நிமிடம் போனால் ஜெயிப்போம், என் வேலையும் தப்பிக்கும். அப்போது பிலடெல்பியாக்காரன் ஒருவன் எங்கேயிருந்தோ ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து மேலே மேலே போய், வளைந்து, நேராக என் தலைக்கு வந்தது.

இது எனக்குத் தெரிந்த காட்சி. எங்கள் தெருவில் எனக்கு பேட்டிங் வராது, பௌலிங் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கேட்ச் பிடிப்பேன். கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தேன். இரண்டு கையையும் குவித்தேன். யாரோ ஒருவனின் முழங்கை என் முகத்தில் வந்து விழுந்தது. ஆனாலும் பந்து கையில்! அந்தப் பக்கமிருந்து கிரெக், "சுந்தோ! பியூட்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அமெரிக்கா வந்து ஏழு மாதத்தில் என் பெயரை ஒருத்தர் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

சந்தோஷத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தெருவில் கேட்ச் பிடித்தால் என்ன செய்வோமோ அதையே என் கைகள் செய்தன. பந்தை வானத்தைப் பார்க்க வீசி எறிந்தேன். "அவுட்டேய்!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, கட்டிப்பிடிக்க ஆள் தேடி ஓடினேன்.

ஒருத்தரும் வரவில்லை. அம்பயர் விசில் அடித்தார். எறிந்தது குற்றம் என்று பந்தை அதே இடத்தில், எங்கள் கோலுக்கு நேர் எதிரில், அவர்களிடம் கொடுத்தார். அந்தத் தூரத்திலிருந்து என்னாலேயே கோல் அடித்திருக்க முடியும். அடித்தார்கள். ஒரு கோலுக்கு ஆறு பாயிண்ட். ஆட்டமும் முடிந்தது. மூன்று பாயிண்டில் தோற்றோம். நான் அப்போதும் கையை விரித்தபடி ஓடிக்கொண்டுதான் இருந்தேனாம். பனியன் முழுக்க ரத்தம்.

எமர்ஜென்சிக்கு கிரெக்தான் ஓட்டிக்கொண்டு போனார். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஃபுட்பால் பொய், கேப்டன் பொய், மூன்று வருஷமும் பொய். திங்கட்கிழமை ஊருக்கு மூட்டை கட்டத் தயார் என்றேன்.

"தெரியும்," என்றார். "நீ வந்த மூணாவது நாளே தெரியும். மூணு வருஷம் வேலை பார்த்தவன், புரோகிராமை எப்படி ஓட விடறதுன்னு கேட்பானா?"

"அப்புறம் ஏன் என்னை அனுப்பல?"

"தினமும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து கத்துக்கிட்டே. வீட்டுக்குப் போக மனசில்லாதவன் மாதிரி. எனக்கு எப்படித் தெரியும்னு கேளு. நானும் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன்."

பிறகு அவர் கதையைச் சொன்னார். பெரிய ஆட்டக்காரராக வந்திருக்க வேண்டியவர். பெரிய டீமில் ஏழே ஏழு ஆட்டம். எட்டாவதில் முட்டி போயிற்று. கம்ப்யூட்டர் படித்து இங்கே வந்தார். மனைவிக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாள் மெல்போர்னுக்கே திரும்பிவிட்டார். அடுத்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று இவருக்கு நான்கு வருஷம் ஓடிவிட்டது. போட்டோவில் இருக்கும் பல் இல்லாத பெண்ணுக்கு இப்போது எல்லாப் பல்லும் முளைத்துவிட்டதாம். அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

என் பக்கம் திரும்பி, "அருமையா பிடிச்சியே சுந்தோ," என்றார். "பிடிச்சவனை ஒருத்தனும் தொட முடியாது. நின்னு மூச்சு வாங்கியிருக்கலாம். அதை ஏண்டா தூக்கிப் போட்டே?"

என்னைக் கேட்டாரா, தன்னைக் கேட்டுக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். (மூக்கு உடைந்திருக்கும்போது அழவே கூடாது. உயிர் போகும்.)

அவர் என்னை அனுப்பவில்லை. ஆடவும் விடவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் கொடியுமாக என்னை நிறுத்தினார். கோல் விழுந்தால் இரண்டு விரலை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒன்றரை வருஷம் எனக்குச் சனிக்கிழமைகள் இருந்தன. பிறகு ஒரு நாள் கிரெக் ராஜினாமா கொடுத்துவிட்டு மகளிடம் போய்ச் சேர்ந்தார். அவர் போன அடுத்த சனிக்கிழமை நான் மறுபடியும் எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஊருக்குப் போனபோது மாலதியின் அப்பா ஜாதகத்தோடு வந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோவுல இருக்கற மாப்பிள்ளை வேற, வந்திருக்கற மாப்பிள்ளை வேறயா இருக்காரே," என்று உள்ளே போய்ச் சொன்னது வெளியே எல்லோருக்கும் கேட்டது. மாலதி தனியாகப் பேச வந்ததும் முதல் கேள்வியே, "மூக்குக்கு என்னாச்சு?" கூட்டாமல் குறைக்காமல், எலுமிச்சம்பழம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் சிரிக்கவில்லை. "சரி, நான் உங்களோட வரேன்," என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் டம்ளரோ, தட்டோ, சாவியோ விழப்போகும்போது நான் தாவிப் பிடித்துவிட்டால் போதும், மாலதி ஒரு அறையிலிருந்து "தூக்கிப் போட்டுடாதீங்க!" என்பாள். என் மகள் நிலா இன்னொரு அறையிலிருந்து "டோன்ட் த்ரோ இட், அப்பா!" என்பாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கும் இது பழகிவிட்டது.

முதன்முதலில் மாலதி அதைச் சொன்னது இரண்டாயிரத்து ஒன்றில், நியூ ஜெர்சி ஆஸ்பத்திரி ஒன்றில். நர்ஸ் நிலாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கட்டிலில் துவண்டு கிடந்த மாலதி, கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல், "நல்லா பிடிச்சிட்டீங்களா? தூக்கிப் போட்டுடாதீங்க," என்றாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்துகிற மாதிரி இருந்தது. நான் ஓடவில்லை. அப்படியே நின்று மூச்சு வாங்கினேன்.