பரிவோடு செவிசாய்ப்பவர்

உலகில் தன்னை அறிந்தவர்கள் மிகச் சிலர். சென்ற சித்திரை முதல் அடியேனும் அவர்களில் ஒருவன். மற்றவர்கள் காட்டில் தவமிருந்து அறிந்தார்கள். நான் மரக்காணத்தில், உப்பளக் கம்பெனி ஆபீசில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செல்போனில் டிக் அடித்தே அறிந்துவிட்டேன்.

ஏற்பாடு முதலாளி ஐயப்பன் அவர்களுடையது. சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தவர், இனி எல்லா ஊழியரும் 'ஆளுமைத் தேர்வு' எழுத வேண்டும் என்று அறிவித்தார். எல்லோரும் என்றால் ஆபீசில் இருப்பவர்கள். வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு ஆளுமை தேவைப்படாது என்று தீர்மானமாயிற்று.

முடிவு வந்தது. முதலாளி 'மின்னல் வேக முடிவெடுப்பாளர்'. மேனேஜராகிய நான் 'பரிவோடு செவிசாய்ப்பவர்'. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு!

வீட்டில் ரேணுகாவிடம் காட்டினேன்.

"காலையிலேர்ந்து கேஸ் புக் பண்ணச் சொல்றேன். பண்ணிட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"நீ சொன்னதை முழுசா உள்வாங்கிட்டேன், ரேணு."

"உள்வாங்கினா சோறு வெந்துடுமா?"

அவள் தேர்வு எழுதாதவள். மன்னித்தேன்.

மறுநாள் திரௌபதி வந்தார். உப்பு வாரும் பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி.

"சார், தண்ணி டேங்க் ஒடைஞ்சு கெடக்குது. குடிக்கச் சொட்டு தண்ணி இல்ல. வெயில்ல நாக்கு ஒட்டிக்குது."

பேனாவைக் கீழே வைத்தேன். தலையைச் சற்றே சாய்த்து அவர் கண்களைப் பார்த்தேன்.

"உங்க வலிய நான் உணர்றேன்மா."

"சரிங்க சார். தண்ணி எப்ப வரும்?"

"இவ்ளோ மனசுவிட்டுப் பேசினதுக்கே நன்றி."

திரும்பிப் போனார். இன்னொரு நாள் வந்தார்; இன்னும் ஆழமாகக் கேட்டேன். மூன்றாம் முறை எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அழுவாதீங்க சார்," என்றார் திரௌபதி. "அந்தத் தண்ணியும் வீணாப் போவுது."

அந்த வாரமே மலர்கொடி என்கிற பெண் உப்புக் குவியலருகே சுருண்டு விழுந்தார். ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தங்கியது, சிறுநீரகம் பழுதாகிவிட்டதாம். மற்ற பெண்கள் ஈசிஆர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்ஸெல்லாம் நின்றது. விசாரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரியம்மா வந்தார்.

முதலாளி மின்னல் வேகத்தில் முடிவெடுத்தார். "யோவ் புருஷோத்தமன், தண்ணி இல்லன்னு யாரும் நம்மகிட்ட சொல்லவே இல்ல. அவ்ளோதான். புரியுதா?"

புரிந்தது. அப்படியே சொல்லியும் இருப்பேன். ஆனால் வாசலில் நின்ற திரௌபதியைக் காட்டி அந்த அம்மா கேட்ட விதம் சரியில்லை.

"இவங்க வந்து சொல்லியும் நீங்க காதுலயே வாங்கலையாமே?"

காதில் வாங்கவில்லையா? நானா?

"என்ன மேடம் இப்படிச் சொல்லிட்டீங்க? மூணு வாட்டி வந்தாங்க. ஒரு வார்த்தை விடாம கேட்டேன்!" என்றேன். டேங்க் உடைந்தது, நாக்கு ஒட்டியது, எல்லாவற்றையும் திரௌபதியின் குரலிலேயே உருக்கமாகச் சொல்லிக் காட்டினேன். முதலாளி என் காலை மிதித்தார். அதிகாரி மளமளவென்று எழுதிக்கொண்டார்.

"சரி, கேட்டுட்டு என்ன பண்ணீங்க?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. நான் யோசிப்பதைப் பார்த்து, திரௌபதியே எனக்காகப் பதில் சொன்னார்.

"அதான் சொல்றாரே மேடம். கேட்டாரு."