கோஸ்டாரிக்காவும் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸும்

தமிழ்ப் பெற்றோருக்கு எதைக் கண்டாலும் அது எத்தனையாம் இடம் என்று தெரிந்தாக வேண்டும். பிள்ளை, பள்ளிக்கூடம், பல் வைத்தியர், கோயில் தேர் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. அதில் நம்முடையது முதலாவதாக நிற்க வேண்டும். முடியாவிட்டால் தெரிந்தவர்களுடையதை விட ஒரு படி மேலேயாவது நிற்க வேண்டும். நாடுகளையும் நான் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தேன். அந்தப் பழக்க தோஷத்தால் ஒரு சனிக்கிழமை பகல் வேளையில், நூறு பேர் பார்த்திருக்க, ஒரு சிறிய நாட்டின் மானத்தைக் கப்பலேற்றினேன். அந்த நாட்டுக்கு இது இன்றுவரை தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நாங்கள் இருப்பது மெல்பேர்ணில், நோபல் பார்க்கில். மகள் ஆரணி அப்போது ஒன்பதாம் வகுப்பு. அயல் பள்ளிக்கூடங்கள் சில சேர்ந்து உலக நாடுகளின் சபை ஒன்றைப் பாவனையாக நடத்தின. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டின் தூதர். ஆசிரியர்கள் கற்பனையில் இரண்டு நாடுகளை உண்டாக்கி, ஓர் ஆற்றின் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் வைத்து, தண்ணீருக்காகச் சண்டை மூட்டியிருந்தார்கள். மேல்நாடு அணை கட்டுகிறது, கீழ்நாடு படை அனுப்பப் போகிறது. மற்ற நாடுகள் கூடி இதைத் தீர்த்துவைக்க வேண்டும்.

"உமக்கு எந்த நாடு கிடைச்சது?" என்று கேட்டேன்.

"கோஸ்டாரிக்கா."

கைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன். இரண்டு கண்டங்களுக்கு நடுவே, நூல் மாதிரி ஒரு நிலம். இன்னும் கொஞ்சம் வாசித்தபோது நெஞ்சில் கல் விழுந்தது. அந்த நாட்டுக்கு இராணுவமே கிடையாதாம். இருந்ததையும் அவர்களே கலைத்துவிட்டார்களாம்.

அன்று மாலையே சிவநேசன் தொலைபேசியில் வந்தான். என் நண்பன்தான். (நண்பன் என்றால், இருபது வருடமாக ஒருவர் வீட்டுக் காரை மற்றவர் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறோம்.) அவனுடைய மகன் நிரோஷனும் அதே வகுப்பு.

"மச்சான், இவனுக்கு அமெரிக்கா கிடைச்சிட்டுதடா!"

கிரீன் கார்ட் கிடைத்தவனின் தகப்பன் மாதிரிச் சொன்னான். "உன்ர மகளுக்கு என்ன?"

"இன்னும் முடிவாகேல்ல," என்றேன்.

குசினிக்குள் போய் மனைவி வசந்தியிடம் முறையிட்டேன். "பாருமப்பா, அவளுக்கு ஒரு ஆமி கூட இல்லாத நாட்டைத் தலையில கட்டியிருக்கினம். ஆர் அவளின்ர கதையைக் கேப்பினம்?"

வசந்தி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "சந்திக்குச் சந்தி ஆமி நிக்காத இடம் வேணுமெண்டுதானே விழுந்தடிச்சு ஓடி வந்தனீங்கள்? இப்ப பிள்ளைக்கு ஆமி காணாதாமே?"

பத்தொன்பது வயதில் ஊரில் ஆமிச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்ற வரிசைகள் எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் திருந்தியிருப்பான். நான் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சமூகக்கல்வி ஆசிரியை அன்பானவர். கதிரை தந்து உட்காரவைத்தார். மகளின் கணிதப் புள்ளிகளில் தொடங்கி, நீச்சல் சான்றிதழ் வரை விவரித்து, இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு நடுத்தர அளவு நாடாவது தரக்கூடாதா என்று பணிவாகக் கேட்டேன். பிரான்ஸ் என்றால் நல்லது, இல்லாவிட்டால் ஜெர்மனியும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தும் பார்த்தேன்.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இருமலென்று நினைத்தேன்.

"ஆரணிக்கு முதலில் கொடுத்தது பிரான்ஸ்தான்," என்றார். "அவள்தான் வந்து மாற்றித் தரச் சொன்னாள்."

வீட்டில் அவளை விசாரித்தேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "பெரிய நாடு நடுவுக்கு வந்தால், இவருக்கு இதில் என்ன லாபம் என்று இரண்டு பக்கமும் சந்தேகப்படும். சின்ன நாட்டுக்கு அடிக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. அதனால்தான் நம்பிப் பேசுவார்கள்." பிறகு தமிழுக்கு வந்தாள். "அப்பா, ப்ளீஸ். நீங்கள் வாங்கோ. வந்து பேசாமல் இருங்கோ. அது காணும்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆரணி மேடை என்றால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை. நவராத்திரிக்குத் தேவாரம் பாட ஏறி, முதல் வரியிலேயே அழுதுகொண்டு இறங்கி வந்தவள். அவளாகவே கேட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கப் போவது இதுதான் முதல் தடவை. ஆற்றை இரண்டு நாடும் பங்கிடுவதற்கு அவளே ஒரு தீர்மானம் எழுதியிருந்தாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் தினமும் அதைச் சொல்லிப் பார்ப்பாள். அது நிறைவேற வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். பேசாமல் இருப்பதாகச் சத்தியம் செய்தேன்.

ஆனால் வெறுங்கையோடு வருவதாக நான் சத்தியம் செய்யவில்லை. எங்கள் ஆட்கள் எந்த அலுவலுக்காவது வெறுங்கையோடு போயிருக்கிறார்களா? வீடு பார்க்கப் போனாலும் வைத்தியசாலைக்குப் போனாலும் கையில் ஒரு பை இருக்கும். அந்த வழக்கப்படி ஒரு பெரிய தட்டு நிறைய, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்த மட்டன் ரோல்ஸோடு போய் இறங்கினேன். செய்தவள் வசந்தி. தேநீர் இடைவேளைக்குப் பெற்றோர் கொண்டுவருவது வழக்கம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். (அப்படி ஒரு வழக்கம் இல்லை.)

மண்டபத்தில் பிள்ளைகள் நாட்டுப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். நாங்கள் பின்வரிசையில், பார்வையாளர் பகுதியில். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மரச்சுத்தியலோடு சபைத்தலைவியாக வீற்றிருந்தாள். ஆரணியின் முறை வந்தது. குரல் நடுங்கவில்லை. எங்களிடம் துப்பாக்கி இல்லை, உங்கள் ஆறும் எங்களுக்கு வேண்டாம், ஆகவே எங்கள் மேசையில் வந்து இருந்து பேசுங்கள் என்றாள். தேவாரத்தில் அழுத பிள்ளையா இது என்று பக்கத்தில் திரும்பினேன். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இடைவேளை விட்டார்கள். அமெரிக்காவைச் சுற்றிப் பெரிய கூட்டம். நிரோஷன் வேறொரு தீர்மானம் வைத்திருந்தான்; எல்லோரும் அவனிடம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். சிவநேசன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். என் மகள் மூலையில் மேல்நாட்டோடும் கீழ்நாட்டோடும் மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இரண்டே இரண்டு பேருடன்! இப்படி இருந்தால் எப்படி வாக்கு விழும்? வசந்தி கழிப்பறைக்குப் போயிருந்தாள். என்னைத் தடுக்க ஆளில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு சர்வதேச அரங்கில் இறங்கினேன்.

"ஜெர்மனி, எடுங்கோ, எடுங்கோ. கோஸ்டாரிக்காவை மறக்க வேண்டாம், என்ன?" என்று ஆங்கிலத்தில் உபசரித்தேன். பிரான்ஸ் இரண்டு எடுத்தது. ரஷ்யா சோஸ் இருக்கிறதா என்று கேட்டது. சீனாவாக இருந்த சோமாலியப் பிள்ளை ஹலாலா என்று விசாரித்தது. டண்டினோங் சந்தையில் வாங்கிய ஹலால் இறைச்சிதான் என்று உறுதியளித்தேன். பிரேசில் உறைப்புத் தாங்காமல் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடியது. ஒவ்வொரு நாட்டிடமும் கையை உயர்த்திக் காட்டி, "வாக்கெடுப்பில் இப்படி," என்று நினைவூட்டினேன். அமெரிக்காவை மட்டும் தவிர்த்து, தட்டோடு சுற்றிக்கொண்டு போனேன். நிரோஷன் நீட்டிய கையை மெதுவாகத் திருப்பி எடுத்துத் தலையைச் சொறிந்தான். எங்கள் வீட்டு ரோல்ஸைத் தின்று வளர்ந்த பிள்ளை. அப்போது எனக்கு அது இராஜதந்திரமாகப் பட்டது.

கடைசியாக மேல்நாட்டிடம் வந்தேன்; ஆரணி எதையோ எடுக்கத் தன் மேசைக்குப் போயிருந்தாள். அந்தப் பையனின் தட்டில் இரண்டை வைத்தேன். பக்கத்தில் கீழ்நாடு கை நீட்டியது. என் தட்டைப் பார்த்தேன். தூள் மட்டும் இருந்தது.

"அடுத்தமுறை," என்று அந்தப் பிள்ளையின் தோளில் தட்டிவிட்டு வந்தேன்.

சபை மீண்டும் கூடியது. கீழ்நாட்டின் கை முதலில் உயர்ந்தது.

"தலைவி அவர்களே, கோஸ்டாரிக்கா நடுநிலை நாடு அல்ல. இடைவேளையில் மேல்நாட்டுக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லை."

மண்டபம் சிரித்தது. அமெரிக்கா எழுந்தது. "ஒழுங்குப் பிரச்சினை. கோஸ்டாரிக்கா உணவு கொடுத்து வாக்கு வாங்குகிறது. எனக்கு மட்டும் தரவில்லை."

சபைத்தலைவி சுத்தியலால் தட்டினாள். "கோஸ்டாரிக்காவின் தூதர், அந்தக் கனவான் யார் என்று சபைக்கு விளக்க முடியுமா?"

நூறு தலைகள் திரும்பின. வசந்தி தன் கதிரையை என்னிடமிருந்து சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஆரணியின் கை வயிற்றுக்குப் போனதை நான் கண்டேன். தேவாரம் நினைவுக்கு வந்தது. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று சத்தியத்தை மறந்து எழுந்து நின்றேன்.

"மேடம், எங்கள் பண்பாட்டில் என்னவென்றால்..."

டொக்! "மன்னிக்கவும் ஐயா. பார்வையாளர் பகுதி அங்கீகரிக்கப்பட்ட நாடு அல்ல. உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

ஆரணி ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தாள். "அந்தக் கனவான் எங்கள் அரசாங்கம் அல்ல," என்றாள். "அவர் நாங்கள் கேட்காமலே வந்த வெளிநாட்டு உதவி. கோஸ்டாரிக்கா மன்னிப்புக் கேட்கிறது. எங்களுக்கு இராணுவம் இல்லை. அப்பாமாரைக் கட்டுப்படுத்தவும் வழி இல்லை."

மண்டபம் அதிர்ந்தது. ஆசிரியை மறுபடியும் இருமினார். சிரிப்பு அடங்கும் வரை ஆரணி பொறுத்து நின்றாள். பிறகு மேல்நாட்டின் பக்கம் திரும்பி, "உங்களிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது, இல்லையா?" என்று கேட்டாள். அந்தப் பையன் மேசைக்குக் கீழே கடதாசியில் சுற்றி வைத்திருந்த ரோலை வெட்கத்தோடு எடுத்தான். கொஞ்சம் யோசித்தான். பின்பு எழுந்து போய்க் கீழ்நாட்டின் மேசையில் வைத்தான். கீழ்நாடு அதை முழுதாக எடுக்காமல் பாதியை உடைத்துத் திருப்பிக் கொடுத்தது.

சபைத்தலைவி ஆசிரியர்களுடன் குசுகுசுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். தீர்மானம் வாக்கெடுப்புக்குப் போகும். ஆனால் இடைவேளையில் நடந்ததற்குத் தண்டனையாகக் கோஸ்டாரிக்கா அதில் வாக்களிக்க முடியாது.

வாக்கெடுப்பு நடந்தது. மேல்நாடு கை தூக்கியது, கீழ்நாடு தூக்கியது. பிரேசில் சிவந்த கண்ணோடு தூக்கியது. கடைசியில், தன் தீர்மானத்தை மடித்து வைத்துவிட்டு, அமெரிக்காவும் தூக்கியது. சபை முழுவதும் கை உயர்ந்து நின்றபோது, அதை எழுதிய பிள்ளை மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னால்தான். நான் வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

வீடு திரும்பும் வழியில் ரயில் கடவையில் காரை நிறுத்தியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, ரோல்ஸ் மிச்சம் இருக்கோ?"

"இல்லையம்மா. எல்லாம் முடிஞ்சுது."

"எல்லா நாட்டுக்கும் குடுத்தீங்கள். எனக்கு ஒண்டும் தரேல்ல. நான் விடியவும் சாப்பிடேல்ல."

ரயில் போய்க் கடவை திறந்த பிறகும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். வசந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பின்னாலிருந்து ஆரணியும் சேர்ந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பதற்கு வீடு வரை அவகாசம் தேவைப்பட்டது.

அடுத்த வருடம் அந்தச் சபையின் விதிகளில், பெற்றோர் தூதர்களுக்கு உணவூட்டக்கூடாது என்று ஒன்று சேர்ந்துகொண்டது. உலக அரசியலுக்கு என் நிரந்தரப் பங்களிப்பு அது. வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. எந்தத் தட்டு வந்தாலும், விருந்தாளி யாராக இருந்தாலும், முதல் துண்டு கோஸ்டாரிக்காவுக்கு. இப்போது ஆரணி கன்பராவில் சர்வதேச உறவுகள் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது சிவநேசன் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் எல்லோரும் கை நீட்டிக்கொண்டிருக்க, நிரோஷன் ரோல்ஸ் தட்டோடு எங்களைத் தாண்டிப் போய் நேராக அவளிடம் நீட்டினான்.

"கோஸ்டாரிக்கா ஃபர்ஸ்ட், அங்கிள்," என்றான் என்னைத் திரும்பிப் பார்த்து.

அவள் இரண்டு எடுத்தாள். என் முறை வந்தபோது தட்டில் தூள் மட்டும் இருந்தது.