நான்கு பெட்டி ரயிலில் என் இடம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் எந்த அளவுக்குச் சௌக்கியம் என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தாள். "என்னம்மா, இப்பத்தானே அரை மணி நேரம் பேசிட்டு வெச்சே? ஏதாவது விட்டுப்போச்சா?" என்றாள். நான் அதுவரை போனைத் தொடவே இல்லை, அண்ணா. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் உன் ஆபீஸ் சம்பந்தப்பட்டது. எந்தத் தடத்துக்கு எத்தனை ரயில் பெட்டி என்று பிரித்துக் கொடுக்கிற வேலையில் நீ இருக்கிறாய். எங்கள் தடத்துக்கு ஒரே ஒரு பெட்டி கூடுதலாக வேண்டும். அதுவும் வரும் திங்கட்கிழமைக்குள் வேண்டும். நாங்கள் எட்டுப் பெட்டியில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள். எட்டு ஆறானது, ஆறு நான்கானது. மற்றவை பட்டறையில் சக்கரம் இல்லாமல் நிற்கின்றன என்று நீயே சொன்னாய். இப்படியே போனால் ஒருநாள் என்ஜின் மட்டும் வந்து எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நெரிசலைக் குறைக்கப் பொதுமக்கள் யோசனை சொல்லலாம் என்று ஸ்டேஷனில் நோட்டீஸ் வேறு ஒட்டியிருக்கிறீர்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் நிற்க இடம் கிடைக்கும் என்பது உங்கள் முதல் யோசனை. ஆபீஸ்களை ஆளுக்கொரு நேரத்தில் திறக்கச் சொல்லலாம் என்பது இரண்டாவது. எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தை விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்தால் நானும் தண்ணீரும்தான் இருப்போம். மூன்றாவது யோசனை அவசியமில்லாதவர்கள் பயணத்தைத் தவிர்க்கலாம் என்பது. அதைப் படித்தபோது யாரோ என்னைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் நின்று, "எங்க இறங்குவீங்க?" என்று கேட்க வேண்டும். பதில் வந்துவிட்டால் அந்த இருக்கை கேட்டவருக்குச் சொந்தம். எழுதாத சட்டம்தான், ஆனால் எழுதிய சட்டத்தைவிடக் கறார். தினமும் என்னோடு வரும் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். "நான் உயிரோட இருக்கும்போதே என் சீட்டுக்கு மூணு பேர் உயில் எழுதி வாங்கிட்டாங்க" என்பாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அதிசயமாக எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. சாம்பல் நிறக் கைப்பையோடு என் வயதில் ஒரு பெண் வந்து முன்னால் நின்றாள். முன்பின் பார்த்த முகம் இல்லை. ஆனாலும் பழகிய முகம் போல இருந்தது.

"எங்க இறங்குவீங்க?"

"ஆத்துப்பாலம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நடந்து ஆபீஸ் போவேன்."

"அங்க உக்கார இடம் இருக்கா?"

"இருக்கு. மைக்ராஸ்கோப் பக்கத்துல."

"சாயங்காலம்?"

"வீட்டுக்குத்தான். சாப்பாட்டு மேசையில ஜன்னல் பக்கம் நம்ம இடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பொழுது போகாமல் பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"அப்ப அதெல்லாம் எனக்கு" என்றாள்.

"தாராளமா எடுத்துக்கோங்க" என்றேன். பாழாய்ப்போன மரியாதை! பக்கத்தில் இருந்த நர்ஸ் வேறு, "சொன்னா சொன்னதுதான், நாங்க எல்லாரும் சாட்சி" என்று கைதட்டினாள்.

மறுநாள் கூட்டத்தில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் தொற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன். என் நாற்காலி இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது, உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. காலையில் வந்த பன்னிரண்டு பாட்டில்களுக்கும் அறிக்கை எழுதி, கீழே என் கையெழுத்தும் போட்டிருந்தது. அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கேட்டால், "என்ன மேடம், இப்பத்தானே முடிச்சிட்டு டீ குடிக்கப் போனீங்க" என்கிறான். பன்னிரண்டையும் மறுபடி சோதித்தேன். ஒரு தப்பு இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றைக்குச் சாயங்காலமும் ரயிலில் ஏற முடியாமல் வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். உன் மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் பேப்பர் படித்துக்கொண்டே, "ஏழு மணிக்கே வந்துட்ட, மறுபடியும் எங்க கிளம்பிப் போன?" என்றார். மேசையில் என் இடத்தில் சாப்பிட்டு முடித்த தட்டு. காலேஜில் படிக்கிறாளே என் பெண், அவள் வந்து கட்டிக்கொண்டு, "அம்மா, சாப்பிடும்போது சிரிச்சியே, அப்படியே தினமும் சிரிம்மா, நல்லா இருக்கு" என்றாள். இந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? அந்தச் சந்தோஷத்தில், சிரித்தது நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து இதே கதைதான். நான் எவ்வளவு நேரம் பிளாட்பாரத்தில் நிற்கிறேனோ அவ்வளவு நேரம் அந்தச் சாம்பல் நிறக் கைப்பைக்காரி என் இடங்களில் உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்ச் சேரும்போது இடம் சூடாக இருக்கிறது, ஆள் இல்லை. ஆனால் நாளுக்கு நாள் கூட்டம் கூடுகிறது, எனக்கு மிஞ்சும் நேரம் குறைகிறது. பிளாட்பாரத்தில் நின்று யோசிக்க நிறைய அவகாசம் கிடைப்பதால் யோசித்தேன். அந்த இடங்களில் நான்தான் முழுதாக உட்கார்ந்திருந்தேனா? ஆபீஸில் இருக்கும்போது வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கும்போது பாட்டில்களை. கூட்ட நேரத்தில் பாதி காலியாக ஓர் இடம் தெரிந்தால் யார்தான் விடுவார்கள்? அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை, அண்ணா. ஆனால் விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. அது என் பெண். என் மேசை.

நர்ஸிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வழக்கப்படி வாங்கினதை வழக்கப்படிதான் திருப்பி வாங்கணும். அவங்க முன்னாடி போய் நின்னு, எங்க இறங்குவீங்கன்னு கேளுங்க. பதில் சொல்லிட்டாங்கன்னா எல்லாம் உங்களோடது" என்றாள். கேட்க நான் தயார். அந்தக் கைப்பைக்காரி தினமும் நான் ஏற முடியாமல் விடுகிற முதல் ரயிலில், அதே ஜன்னலோரத்தில்தான் இருக்கிறாள், தலைகளுக்கு நடுவே தெரிகிறாள். ஆனால் நடுவில் நாற்பது பேர்! நேற்று எப்படியோ அதில் ஏறிவிட்டேன். ஒரு பெரியவரின் குடைக்கும் யாரோ ஒருவரின் முழங்கைக்கும் இடையில் மாட்டிக்கொண்டு, நான்கு இருக்கை தள்ளி நின்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. விழாதது போல இருந்தாளோ என்னவோ. வரும் திங்கட்கிழமை என் பெண்ணின் பிறந்தநாள். அன்றைக்கு அவள் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி சேர்த்தால் போதும். கூட்டம் பிரியும், நான் அந்தக் கைப்பைக்காரி முன்னால் போய் நின்றுவிடுவேன். சக்கரம் இல்லாவிட்டால் எங்கிருந்தாவது கடன் வாங்கி மாட்டு.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நின்றுகொண்டு போக வேண்டியிராத ஊரில் வேலை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உன் ஒரே தங்கை

பின்குறிப்பு: அண்ணா, இந்தக் கடிதம் சாப்பாட்டு மேசையில் என் இடத்தில் கிடந்தது. நானே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன். மேலே எழுதியிருப்பதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏதோ அலுப்பில் எழுதியது. பிறந்தநாள் நன்றாக நடந்தது, பெண் என் மடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இன்று காலை ரயிலில் ஒரு பெண் எப்படியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் முன்னால் வந்து நின்று, எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டாள். தலை கலைந்து, கண் கலங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் நாளையும் வருவாள் போலிருக்கிறது. ஆகவே கூடுதல் பெட்டி எதுவும் வேண்டாம். இருக்கிற நான்கை மூன்றாக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.