ஏரிக்கரைப் பரிசு

மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்துக்கு அர்க்காதி தன் மனைவிக்குக் கொடுத்த பரிசுகளைப் பற்றி, இவானொவோ நகரத்து டிராலிபஸ் பணிமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஒரு வருஷம் வாணலி. இன்னொரு வருஷம் இன்னும் பெரிய வாணலி. ஏழாவது வருஷம், "நம்ம குடும்பத்துக்காக" என்று ரிப்பன் கட்டி, காற்றடிக்கும் ரப்பர் படகு. மகளிர் தினத்துக்குப் படகு பெற்ற மகளிர் அந்த ஊரிலேயே ரிம்மா ஒருத்திதான். அந்தப் படகில் அவள் இன்றுவரை ஒரு காலைக்கூட வைத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட அர்க்காதி பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ரிம்மா, இந்த மார்ச் எட்டுக்கு உன்னைப் பெரெஸ்லாவ்லுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு ராத்திரி. ஏரிக்கரையில."

ரிம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. பரிசு."

"வாணலிக் கடைய மூடிட்டாங்களா?"

"எண்ணூறு வருஷத்துக்கு மேல பழசான கோயில் இருக்கு அங்க. முழுக்க வெள்ளைக் கல்லு. மண் கோட்டை இருக்கு. மடம் இருக்கு. மனுஷன்னா சரித்திரம் தெரிஞ்சுக்கணும் ரிம்மா."

"நம்ம தெருமுனையில மியூசியம் இருக்கு. எத்தன தடவ உள்ள போயிருக்க?"

"ஒரு தடவ."

"எதுக்கு?"

"மழைக்கு."

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அர்க்காதி பத்தொன்பது வருஷமாக ஒன்றும் மறைத்து ஜெயித்ததில்லை. ஆனால் அன்று அவள் "சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடி சூப்பைக் கிளறப் போய்விட்டாள்.

உண்மை என்னவென்றால், சரித்திரத்துக்கும் அர்க்காதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவனோடு வேலை செய்யும் வாதிம் சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணம். "பெரெஸ்லாவ்ல் ஏரியில கடைசிப் பனிடா. மார்ச் முதல் வாரம் தாண்டினா அடுத்த குளிர்காலம் வரைக்கும் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்." பனியில் துளை போட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவனுக்குக் கடைசிப் பனி என்றால் என்ன என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. குளிர்காலம் முழுக்கக் கீழே அடைந்து கிடந்த மீனெல்லாம் பசி வெறியில் எதைப் போட்டாலும் கவ்வும்.

ஆனால் அந்த வாரக்கடைசியில்தான் மார்ச் எட்டு வந்து தொலைந்திருந்தது. மற்ற நாளில் மீன்பிடிக்கப் போனால் விஷயம் சண்டையோடு முடியும். மார்ச் எட்டில் போனால் கோர்ட்டில் முடியும். மூன்று நாள் தூக்கம் கெட்டு யோசித்த அர்க்காதிக்கு நான்காம் நாள் மூளை பளிச்சென்று வேலை செய்தது. பனியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மனைவியைப் பனிக்குக் கொண்டுபோகலாமே.

தங்குவதற்கு வீடு பிடிக்க ஒரு சின்னச் சிக்கல். அவனிடம் செல்போன் இல்லை. ஜனவரியில், துளையைக் குனிந்து பார்த்தபோது, சட்டைப்பையிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. அன்று அந்தத் துளையிலிருந்து வெளியே எதுவும் வரவில்லை, உள்ளே போனதுதான் கணக்கு. அதனால் ரிம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய செல்போனிலிருந்தே பேசினான். எதிர்முனையில் ஃபாயினா மிரோனொவ்னா என்ற வயதான வீட்டுக்காரம்மா.

"ஜன்னல் ஏரியப் பார்த்து இருக்குமாம்மா?"

"இருக்கும் தம்பி. அறுபது அடி நடந்தா தண்ணி."

"தண்ணியா? பனி இல்லையா?"

"பனிதான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எவ்வளவு தடிமன் இருக்கும்?"

"மனைவிக்குப் பரிசுன்னு சொன்னீங்க இல்ல தம்பி?"

"ஆமாம்மா. அவ கொஞ்சம் குண்டு. பாதுகாப்புக்காகக் கேக்கறேன்."

"அப்படியா. ஆள விட்டு அளந்து சொல்றேன்."

அர்க்காதி பேசி முடித்துவிட்டு, பேசிய அடையாளத்தையும் செல்போனிலிருந்து அழித்தான். தன்னை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ரிம்மாவின் போக்கே மாறிவிட்டது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பயணத்தைப் பற்றியே பேச்சு.

"அந்த வீட்டுல சமையலறை பெரிசா இருக்குமா?"

"சமையலறை உனக்கெதுக்கு? மார்ச் எட்டு அன்னைக்கு உன் கையில தண்ணி படக்கூடாது. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"இன்னொரு தடவ சொல்லு. கேக்க நல்லாருக்கு."

அவன் இன்னொரு தடவை சொன்னான். அப்புறம், பயண ஏற்பாடு என்றால் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று ஒரு தாளில் நிகழ்ச்சிநிரல் எழுதி அவள் முன்னால் வைத்தான். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"காலை ஆறு முதல் பத்து வரை, ரிம்மா ஓய்வு. பத்து முதல் பதினொன்று, கோயில். பதினொன்று முதல் மாலை ஐந்து வரை, ரிம்மா ஓய்வு. நான் என்ன, ஆபரேஷன் முடிஞ்சா வர்றேன்?"

"வருஷம் பூரா தையல் மிஷின் மிதிக்கிற. தூங்கு."

"அப்போ நீ?"

"உன்னத் தொந்தரவு பண்ணாம வெளிய இருப்பேன்."

"எங்க வெளிய?"

"பொதுவா வெளிய."

ரிம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஏழாம் தேதி மத்தியானம் கிளம்பினார்கள். பனியைத் துளைக்கும் ஆளுயரத் திருகு, உட்காரும் பெட்டி, தூண்டில் எல்லாவற்றையும் வாதிம் முந்தின நாளே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் காரின் பின்பக்கம் அப்பாவியாகக் காலியாக இருந்தது. அதில் ரிம்மா ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, பீட்ரூட், கேரட், ஒரு வாளி நிறைய ஊறவைத்த முட்டைக்கோஸ், உப்பு ஹெர்ரிங் மீன், நாற்பது முட்டை எல்லாம் ஏற்றினாள்.

"ரெண்டு பேருக்கு நாப்பது முட்டையா?"

"ஏரிக் காத்துக்குப் பசிக்கும்."

அர்க்காதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பாவம், ஒன்றும் தெரியாத பொண்ணு என்று நினைத்தான். அவன் வாழ்க்கையில் நினைத்தவற்றுள் இதைவிடத் தப்பானது ஒன்று கிடையாது.

ஊர் நெருங்கியதும், தூரத்தில் கோபுரக் குமிழ்கள் தெரிந்தபோது, ரிம்மா கார் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஸ்கூல்ல படிக்கிறப்ப இந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். அதுலேர்ந்து ஆசை. யாரும் கூட்டிட்டு வரல. நீ கூட்டிட்டு வந்துட்ட."

அர்க்காதி நிஜமாகவே வெட்கப்பட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வாயைத் திறந்தான். அந்த நல்ல எண்ணம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரம் நிலைத்தது. அதற்குள் வளைவு திரும்பி, ஏரி தெரிந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. அதன்மேல் புள்ளி புள்ளியாகக் கொடுத்துவைத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு அர்க்காதி மாடிப்படி இறங்கினான். ஒரு படிகூட முனகவில்லை. பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்த நேரம், சமையலறையிலிருந்து செல்லப் பெயரில் கூப்பிடும் குரல் வந்தது.

"வாழ்த்துச் சொல்லாமலே போறியா அர்க்காஷா?"

ரிம்மா மேஜையருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஃபாயினா மிரோனொவ்னா. இரண்டு பேரும் பல காலம் பழகினவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"சூரிய உதயத்துல கோயில் ரொம்ப அழகா இருக்குமாம். அதான் பார்க்கலாம்னு."

"கோயில் முன்வாசப் பக்கம். அது ஏரிக்குப் போற கதவு."

"இருட்டுல தெரியல."

"தம்பி, நீங்க கேட்டீங்களே," என்றாள் ஃபாயினா மிரோனொவ்னா, மிக அன்பாக. "அன்னைக்கே அளந்து, அதே நம்பருக்குக் கூப்பிட்டு இவங்ககிட்ட சொல்லிட்டேன். நாப்பது சென்டிமீட்டர். உங்க வீட்டம்மா தாராளமா நடக்கலாம். நான்கூட என்னமோ நெனச்சுட்டேன். அப்படி ஒண்ணும் குண்டு இல்லையே."

அர்க்காதியின் கையிலிருந்து ஒரு பூட்ஸ் விழுந்தது.

ரிம்மா எழுந்து வந்தாள். கோபப்படவில்லை. ஆணியில் தொங்கிய, சுருக்கம் வைத்துப் பூப்போட்ட ஏப்ரனை எடுத்து அவன் கழுத்தில் மாட்டி, பின்னால் இரட்டை முடிச்சு போட்டாள். தையல்காரி போட்ட முடிச்சு.

"எங்க தையல்கூடத்துல என்னத் தவிர ஒன்பது பேர் பொம்பளைங்க. வருஷா வருஷம் மார்ச் எட்டுக்கு எங்களுக்கு மேஜை போட்டு, சமைச்சு, பாத்திரம் கழுவுறது துணி வெட்டுற கிழவர்தான். அங்க இருந்த ஒரே ஆம்பள. அவர் டிசம்பர்ல ரிட்டயர் ஆயிட்டாரு. என்ன பண்றதுன்னு எல்லாரும் தவிச்சுக்கிட்டு இருந்தாங்க. என் புருஷன் எல்லாத்தையும் பார்த்துக்கறேன்னு சொன்னாரு, ரெண்டு தடவ சொன்னாருன்னு சொன்னேன். ஒன்பது மணி வேன்ல வர்றாங்க."

"ரிம்மா, கடைசிப் பனி ரிம்மா."

"உண்மையச் சொல்லியிருந்தா நானே போன்னு சொல்லியிருப்பேன். குண்டுன்னு சொன்ன பாரு, அங்கதான் கெட்ட." அவள் கதவைத் திறந்தாள். "உருளைக்கிழங்கு வாசல்ல இருக்கு. நான் போய் ஓய்வெடுக்கறேன். உன் தாளுல பத்து மணி வரைக்கும் போட்டிருக்கு."

அந்தக் காலைப்பொழுதை அர்க்காதி ஆயுளுக்கும் மறக்கமாட்டான். கிழங்கு உரித்தான். பீட்ரூட் வேகவைத்தான். நாற்பது முட்டையையும் அவித்து, தோலெடுத்து, பொடியாக நறுக்கினான். சமையலறை ஜன்னலும் ஏரியைப் பார்த்துத்தான் இருந்தது. அவன் கேட்டு வாங்கின ஜன்னல்தானே. கோயிலைப் பார்த்துவிட்டு மொத்தக் கூட்டமும் நேராகப் பனிமேல் போனது தெரிந்தது. வாதிம் அவர்களுக்குத் துளை போட்டுக் கொடுத்தான். அர்க்காதியின் பெட்டிமேல், அர்க்காதியின் தூண்டிலோடு, ரிம்மா உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கைதட்டல் கேட்டது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் அர்க்காதி ஒரு வெங்காயத்தைத் தேவைக்கு அதிகமாகவே நறுக்கினான். கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமில்லையா.

மத்தியானம் எல்லாரும் கன்னம் சிவக்க உள்ளே வந்தார்கள். நடுவில் வாதிம், கையில் மீன் நிரம்பி வழியும் வாளி.

"பெண்களே, இது என்னோட மார்ச் எட்டுப் பரிசு," என்று வாளியை வைத்தான். எல்லாரும் கைதட்டி அவனை மேஜையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"அவனும் ஆம்பளதானே," என்றான் அர்க்காதி. "அவனுக்கு மட்டும் ஏப்ரன் இல்லையா?"

"அவர் எங்களுக்குப் பரிசு கொடுத்திருக்காரு."

"நானுந்தான் கொடுத்தேன். இந்தப் பயணமே என் பரிசுதான்."

"அது நீ உனக்குக் கொடுத்துக்கிட்டது," என்றாள் ரிம்மா. பிறகு வாளியை அவன் பக்கம் நகர்த்தினாள். "முப்பத்தியொரு ஒகுன் மீன். செதில் காஞ்சுபோனா வராது. சீக்கிரம்."

ஒகுன் மீனைச் சுரண்டினவர்களுக்குத்தான் தெரியும். கத்தியை எதிர்த்து நிற்கும் செதில். முதுகுத் துடுப்பு கையைக் குத்திக் கிழிக்கும். வாதிமைப் பார்த்து, "துரோகி" என்று உதட்டை அசைத்தான் அர்க்காதி. வாதிம் கூரையைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது தட்டு சாலட் கேட்டான்.

சாயங்காலம் வேன் கிளம்பியது. வாதிமும் அதிலேயே, ஒன்பது பேருக்கு நடுவில், பாட்டுப் பாடிக்கொண்டு போனான். பாத்திரத்தையெல்லாம் கழுவி அடுக்கிவிட்டு, பஞ்சர் ஆன டயர் மாதிரி அர்க்காதி பெஞ்சில் சரிந்தபோது, ரிம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விரல்களில் இருந்த கீறல்களைப் பார்த்து, மருந்து தடவிவிட்டாள்.

"பத்தொன்பது வருஷத்துல இதுதான் நல்ல மார்ச் எட்டு. நிஜமாத்தான் சொல்றேன். சுவத்துல அந்தப் பழைய சாமி ஓவியத்தப் பார்த்துட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு."

"எனக்கும்தான். வேற காரணம்."

"உன் சாமானெல்லாம் வாதிம் விட்டுட்டுப் போயிருக்கான். நாளைக்குக் காலைல நீ போ."

"எங்க?"

"பனிமேல. மத்தியானம் வரைக்கும் உக்காரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

இப்படி ஒரு மனைவியை ஏமாற்றப் பார்த்தோமே என்று அர்க்காதி மனம் குமைந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷமும் தானே சமைப்பதாகவும், ஆயுசுக்கும் வாணலி வாங்குவதில்லை என்றும், படகை விற்றுவிடுவதாகவும் சத்தியம் செய்தான். அவள் மூன்றையும் தட்டாமல் ஏற்றுக்கொண்டாள்.

ஒன்பதாம் தேதி விடியும்போது, பனித் திருகைத் தோளில் சாத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே ராஜா மாதிரி இறங்கிப் போனான். ஏரி காலியாகக் கிடந்தது. கரை நெடுக நாடா கட்டியிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட காவலர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"மேல போகக்கூடாது. இன்னைலேர்ந்து பனிக்குத் தடை. இனிமே அடுத்த குளிர்காலம்தான்."

"எனக்கு அனுமதி இருக்குங்க."

"யாரு கொடுத்தது?"

"என் மனைவி."

காவலர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் பின்னாலிருந்த வீட்டைப் பார்த்தார்.

"சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட அம்மாவா? அவங்களுக்கு நல்லாத் தெரியுமே. நேத்து மத்தியானம் இங்கயே வந்து, 'நாளைக்கு நிச்சயமா மூடிடுவீங்க இல்ல?'ன்னு மூணு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் போனாங்க."