சிவப்பு மூடி அடுப்பு

கம்பி வலையில் ஒட்டியிருந்த கோழிக்கொழுப்பு சோப்புக்கும் மசியவில்லை, புளிக்கும் மசியவில்லை. குழாயடியில் குத்தவைத்துத் தேய்த்ததில் வேல்ராஜின் விரல்தான் பளபளவென்று ஆகியிருந்தது.

அடுப்பு அவனுடையதில்லை. அவன் மேஸ்திரியாக இருக்கும் விசைத்தறிக் கூடத்தின் முதலாளி மகாராஜன் அண்ணாச்சியுடையது. கரியைப் போட்டு, மேலே கறியைச் சுடுகிற கிரில் அடுப்பு. சிவப்பு மூடி, உருட்டிப் போக இரண்டு சக்கரம். வேல்ராஜின் மகளுக்குப் பிறந்தநாள் என்று கேள்விப்பட்டதும் அண்ணாச்சியின் மனைவி கோமதித்தாய் தானாகவே கூப்பிட்டு இதைக் கொடுத்தாள். அவன் தயங்கியும் விடவில்லை. ஆட்டோவையும் அவளே பிடித்துவிட்டாள்.

நூல் எடுக்க ஈரோடு போயிருந்த அண்ணாச்சி காலையில் போன் பண்ணினார். சாயங்காலம் ஊருக்கு வந்ததும் கோழி சுடப்போவதாகவும், வேல்ராஜும் சாப்பிட வரவேண்டும் என்றும் சொன்னார். அடுப்பு இரவல் போனது அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் வேல்ராஜுக்கு உறைத்தது. அவர் வருவதற்குள் புதுசு மாதிரி கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா வாங்கி வந்து, கரைத்து, மொத்த அடுப்பின் மேலும் ஊற்றினான். கொழுப்பு போயிற்று. கூடவே மூடியின் சிவப்பும் தோல் தோலாக உரிந்து போயிற்று.

மனைவி சண்முகசுந்தரி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் வெளுத்திருக்கு," என்றாள்.

பெயிண்ட் கடைக்கு ஓடினான். அந்தச் சிவப்பு இல்லை, தீயணைப்பு வாளிக்கு அடிக்கிற சிவப்புதான் இருந்தது. அதை அடித்தான். சீக்கிரம் காயட்டும் என்று உள்ளே கரியைப் போட்டுப் பற்றவைத்தான். மூடி முழுக்கக் கொப்புளம் பொங்கியது. வழிந்த பெயிண்டில் தீப்பிடித்து, அவன் தண்ணீர் ஊற்றுவதற்குள் பிளாஸ்டிக் சக்கரம் இரண்டும் உருகித் தரையில் தோசை மாதிரி படிந்துவிட்டன.

இனி அதைத் தொடவே வேண்டாம் என்றாள் சுந்தரி.

"சக்கரம் மட்டும் மாட்டிட்டாப் போதும்ட்டி."

மகளின் மூணு சக்கர சைக்கிளில் பின் சக்கரங்களைக் கழற்றினான். உருண்டால் லைட் எரிகிற சக்கரங்கள். மகள் அழுதாள். சமாதானத்துக்கு, பிறந்தநாளில் மிஞ்சிய பலூன்களை அடுப்பின் கைப்பிடியில் கட்ட விட்டான். அவிழ்த்தால் மறுபடி அழுவாள் என்று அப்படியே விட்டுவிட்டான்.

பெயிண்ட் காயாத சாமானை எந்த ஆட்டோவும் ஏற்றவில்லை. ரத வீதி வழியே உருட்டிக்கொண்டு போனான். சக்கரம் பச்சையும் நீலமுமாக மின்ன, பலூன் ஆட, கீச்கீச் என்று அது போயிற்று. ஒரு அம்மாள் வழிமறித்து, குல்பி என்ன விலை என்று கேட்டாள். இன்னொருவர் இரண்டு சட்டையைக் கொண்டுவந்து, இஸ்திரி போட்டு நாளைக்குத் தந்தால் போதும் என்றார். விளக்கம் சொல்ல நேரமில்லாமல் வேல்ராஜ் சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

நல்லவேளை, அண்ணாச்சி இன்னும் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்த கோமதித்தாய் அடுப்பைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

வேல்ராஜ் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். எப்பாடுபட்டாவது சரிபண்ணித் தந்துவிடுவதாகவும், வேலையை விட்டு மட்டும் நிறுத்த வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லும்படியும் கெஞ்சினான்.

"இதுல இன்னமும் கறி சுடலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா சுடலாம்க்கா. அதுக்கு ஒண்ணும் ஆகல."

கோமதித்தாய் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாரம் தவறாம அவரு சுட்டுத் தின்னுட்டுப் போயிருதாரு, தேய்க்கது நாந்தான். எங்க வீட்டு ஏணி, டார்ச்சு, இட்லிக் கொப்பரைன்னு வாங்கிட்டுப் போன ஒண்ணையும் நீங்க திருப்பிக் குடுத்ததே இல்ல. அத நம்பித்தான தம்பி, தேடிக் கூப்பிட்டு இத உங்ககிட்ட குடுத்தேன்?"