நன்னடத்தைக்கு இன்னும் ஒன்பது நாள்

"டப்பாவ எடுத்துட்டு மறுபடி எடை போடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பதே சோபியாவுக்கு உறைத்தது. வக்கீல் வெங்கடேசன் போன வருடம் கோர்ட் வாசலில் நின்று அவளுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "எத வேணா கேளும்மா. அந்த ரேஷன் கடையில எடைய மட்டும் கேக்காத." பதினொரு மாதம் இருபத்தோரு நாள் கேட்காமல் இருந்தாள். இன்னும் ஒன்பதே நாள் பாக்கி.

வரிசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற செல்லம்மாள் அக்கா, வெற்றிலையை மெல்லுவதையே நிறுத்திவிட்டாள்.

விஷயம் சின்னது. கார்டுக்கு இருபது கிலோ அரிசி. சேல்ஸ்மேன் முனிரத்தினம் அதைத் தகர டப்பாவில் பத்துப் பத்து கிலோவாக இரண்டு தடவை அள்ளி வைப்பார். டப்பா ஒரு கிலோ. மெஷினுக்கு அரிசியும் ஒன்றுதான், தகரமும் ஒன்றுதான். ஆக வீட்டுக்குப் போவது பதினெட்டு கிலோ.

போன வருடம் இதே வாக்கியத்தை இதே இடத்தில் நின்று சொன்னாள். "உனுக்கு மட்டும் தனி எடையா?" என்றார் முனிரத்தினம். சோபியா எடை மெஷினைத் தூக்கினாள். இறக்கியும் வைத்தாள். ஆனால் தலை உயரத்திலிருந்து, தார் ரோட்டின் மேல்.

வழக்கு நடந்த இரண்டு மாதமும் ஊருக்கே இருபது கிலோ சுத்தமாக வந்தது. உத்திரமேரூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட், முதல் குற்றம், இருபத்து மூன்று வயது, பி.காம் என்பதையெல்லாம் பார்த்தார். குற்றவாளிதான், ஆனால் இப்போதைக்குத் தண்டனை இல்லை, ஓராண்டு நன்னடத்தையின் பேரில் வெளியே போகலாம் என்றார். மெஷினுக்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டும். ஜாமீன்தாரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒரு தடவை காஞ்சிபுரம் போய் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் வீடு மாறக் கூடாது. இன்னொரு குற்றம் செய்யக் கூடாது. மீறினால் திரும்ப அதே கூண்டில் ஏறித் தண்டனையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தண்டனை எங்கும் போய்விடவில்லை. ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தீர்ப்பு வந்த மறு மாதமே டப்பாவும் திரும்பி வந்தது.

சோபியா வாயைத் திறக்க மாட்டாள் என்பது ஊருக்கே தெரிந்துபோனது. டேங்க் ஆபரேட்டர் தண்ணீரைப் பத்து நிமிடத்தில் நிறுத்தினார். பஸ் கண்டக்டர் காலனி ஸ்டாப்பைத் தாண்டி அரை ஃபர்லாங் தள்ளிப் போய் நிறுத்தினார். அவள் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பேசி வைத்திருந்தது. நன்னடத்தை முடிந்ததற்கான பேப்பரைக் காட்டிவிட்டு ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்காகக் கன்னம் என்ன, நாக்கையே கடித்துக்கொள்ளலாம்.

"இன்னா சொன்ன?" என்றார் முனிரத்தினம். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"ஒன்னும் இல்ல சார்."

"இல்ல, சொன்ன. மறுபடி சொல்லு." சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். "வீடியோ ஓடிக்கினு கீது. சத்தமா சொல்லு."

சோபியா அரிசியையும் பையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

நேராகப் போனது உத்திரமேரூரில் காசிம் பாயின் சிமென்ட் கடைக்கு. அவள் அப்பா சாமுவேல் அங்கேதான் மூட்டை தூக்குகிறார். காசிம் பாய்க்கு வேண்டிய மனுவெல்லாம் சோபியாதான் எழுதித் தருவாள். அந்த நன்றிக்குத்தான் அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

"இன்னா பேஜாரு இது? ஒம்போது நாளு பொறுக்க முடியல உன்னால?" என்றார் அவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "மொதல்ல நாஷ்டா சாப்ட்டியா?"

"பாய், அந்தாளு வீடியோ எடுத்துட்டான். நன்னடத்தை ஆபீசருக்கு அனுப்பினா என்னைத் திரும்பக் கோர்ட்டுக்குக் கூப்டுவாங்க. ஒங்க ஜாமீனும் போச்சு."

ஜாமீன் என்றதும் காசிம் பாய் நாஷ்டாவை மறந்தார். "மன்னிப்புக் கடுதாசி ஒன்னு எழுது. நான் அவனுக்கு வாட்ஸப்ல அனுப்பறேன். எழுதறதுதான உனுக்குக் கை வந்த வேலை."

கை வந்த வேலைதான். அதில்தான் கோளாறு. கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து ஊருக்கே மனு எழுதிய கை அது. தேதி, நேரம், அளவு, ஆதாரம் இல்லாமல் அதற்கு எழுதத் தெரியாது.

'பொருள்: எடை கேட்டமைக்கு வருத்தம் தெரிவித்தல். ஐயா, இன்று காலை 10.40 மணியளவில், இருபது கிலோவுக்குப் பதிலாகத் தாங்கள் பதினெட்டு கிலோ மட்டுமே வழங்கியதை நான் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டிக்காட்டிவிட்டேன். இரண்டு முறையும் டப்பாவின் எடை சேர்ந்திருந்ததைக் கவனித்ததற்காகவும் மனப்பூர்வமாக வருந்துகிறேன். இதுபோல் கடந்த பதினொரு மாதங்களாகக் கவனித்து வந்ததற்கும் சேர்த்து மன்னிக்கவும்.'

காசிம் பாய் கண்ணாடியைத் தேடவில்லை. "எளுத்து முத்து முத்தா கீது," என்று படம் பிடித்து அனுப்பிவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டு கும்பிடு. அதன் கீழே: 'ரொம்ப நன்றி பாய். ஜெனிஃபர் மேடத்துக்கு அனுப்பிட்டேன்.'

"பாத்தியா, நன்றி சொல்றான். மனுசன் தங்கம்."

"பாய், ஜெனிஃபர் மேடம்தான் என்னோட நன்னடத்தை ஆபீசர்."

காசிம் பாய் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடிதத்தை முதல் தடவையாகப் படித்தார். படித்து முடித்து அதே கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "இத மன்னிப்புன்னு எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

மேடம் கோர்ட்டுக்கு எழுதும் முன் நாமே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவானது. சோபியா ஸ்கூட்டியைக் கடையில் விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினாள். "அந்த முனிரத்தினத்த நான் போயி சமாதானமா பேசிக்கிறேன்," என்று காசிம் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். சமாதானம் பேசப் போகிறவர் லுங்கியை ஏன் மடித்துக் கட்டுகிறார் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். பஸ் கிளம்பிவிட்டது.

அலுவலகத்தில் அட்டெண்டர் தாமோதரன் மட்டும் இருந்தார்.

"மேடம் இல்லியேம்மா. கடைசி விசாரணைக்குன்னு ஒரு ஊருக்குக் கிளம்பிப் போனாங்க."

"எந்த ஊரு?"

"ஒங்க ஊருதான். நீ வூட்ல கீறியா, ஒழுங்கா கீறியான்னு பாக்க." சொல்லிவிட்டு, எதிரே நிற்பவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ இங்க கீற."

சோபியா நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஒன் ஃபைலத்தான் தூக்க முடியாம தூக்கிக்கினு போனாங்க," என்றார் தாமோதரன். "மத்தவங்க ஃபைலு அப்பளம் மாதிரி இருக்கும். ஒன்னுது மட்டும் இம்மாம் கனம். முனிரத்தினம்னு ஒரு ஆளு மாசாமாசம் ஒன்னப் பத்தி மனு போட்டுக்கினே கீறாரு. பதினொன்னு சேர்ந்துபோச்சு."

"என்ன எழுதியிருக்காரு?"

"அதெல்லாம் நான் படிக்கக் கூடாதும்மா."

"படிச்சீங்களா?"

"அவசரம், உடனே நடவடிக்கைன்னு போட்டிருந்திச்சி. அதுக்குக் கீழ படிக்கல."

பதினொரு மனு. அவள் கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. வாயே திறக்காதவள் மேல் ஒருவன் மாதம் தவறாமல் என்னதான் எழுதுவான்? திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

பாதி வழியில் போன் வந்தது. செல்லம்மாள் அக்கா.

"பாப்பா, எங்க கீற? ஒங்க சிமென்ட் கடை பாயி வந்து முனிரத்தினம் சட்டையப் புடிச்சிக்கினு கீறாரு. யாரோ ஒரு மேடம் வேற ஜீப்ல வந்து எறங்கி நின்னு பாத்துக்கினு கீது."

சோபியா ரேஷன் கடைக்குள் நுழைந்தபோது மணி நாலு. ஜெனிஃபர் மேடம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த ஃபைல். எதிரே முனிரத்தினம். அவர் சட்டைக் காலரில் இன்னும் காசிம் பாயின் கை.

"நீங்க யாரு?" என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணு அடக்க ஒடுக்கமா நடந்துக்கும்னு ஜாமீன் போட்டவன் மேடம்," என்றார் காசிம் பாய், காலரை விடாமல்.

"மொதல்ல கைய எடுங்க." பிறகு அவளிடம் திரும்பினார். "சோபியா, காலையில என்ன நடந்துச்சு?"

வக்கீல் சொல்லிக் கொடுத்த பதில்கள் நாலைந்து அவள் வாய்வரை வந்தன. வந்த வழியே திருப்பி அனுப்பினாள்.

"டப்பாவ எடுத்துட்டு எடை போடச் சொன்னேன் மேடம். ரெண்டு கிலோ கம்மி. கேட்டதுல எனக்கு வருத்தமே இல்ல. கடுதாசியில வருத்தம்னு எழுதினதுதான் பொய். கோர்ட்டுக்கு எழுதறதுன்னா எழுதிக்குங்க. பாயோட ஜாமீன மட்டும் உட்டுடுங்க."

செல்லம்மாள் அக்கா, "போச்சு," என்றாள்.

"கோர்ட் உத்தரவப் படிச்சிருக்கியா?" என்று கேட்டார் மேடம்.

சோபியா படிக்கவில்லை. ஊரில் ஒரு பேப்பர் விடாமல் படித்துச் சொல்லுபவள், தன் பேப்பரை மட்டும் நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டாள். படித்தால் கோபம் வரும் என்று பயம்.

"பி.காம்தான நீ?" மேடம் ஃபைலைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். "படி. குற்றம் செய்யாத, சண்டை சச்சரவு இல்லாம இரு, மாசாமாசம் வா, வீடு மாறினா சொல்லு. எடை கேக்கக் கூடாதுன்னு இதுல எங்க இருக்கு, காட்டு."

சோபியா படித்தாள். இரண்டு தடவை படித்தாள். எங்கேயும் இல்லை.

"மெஷினத் தூக்கிப் போடாதேன்னுதான் கோர்ட் சொல்லியிருக்கு. வாயத் தொறக்காதேன்னு சொன்னது ஒங்க வக்கீலு. மாசாமாசம் வந்து கல்லு மாதிரி உக்காந்துட்டுப் போற, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். உன் அறிக்கையில நன்னடத்தைன்னுதான் எழுதப் போறேன். ஒன்னாம் தேதி போய் வேலையில சேரு."

பதினொரு மாதம் இருபத்தோரு நாளாகக் கடித்துக்கொண்டிருந்த பல்லை சோபியா விட்டாள். தாடை வலித்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொள்ளும்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப அந்தப் பதினொரு மனு?"

"அதுதான் எனக்கும் புரியல." மேடம் ஒன்றை எடுத்துப் படித்தார். "'மேற்படி சோபியா மிக மிக நன்றாக நடந்துகொள்கிறார். ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆகவே அவரை நன்னடத்தையிலிருந்து உடனடியாக விடுவித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பதினொன்னும் இதே வாசகம். இவரு மெஷின ஒடச்சவ நீ. உனக்காக இவரு ஏன் கெஞ்சறாரு?"

எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் கசங்கிய காலரை நீவிவிட்டுக்கொண்டார்.

"என் பேச்ச எவன் மேடம் மதிக்கிறான்? இந்தப் பொண்ணு கேட்டாத்தான் பயப்படுவானுங்க. காலையில இந்தப் பொண்ணு வாயத் தொறந்திச்சே, எடை கம்மின்னு ஒங்களுக்கு ஆதாரமா அனுப்பலாம்னு வீடியோ எடுத்தேன். ஓடிப்போச்சு. எனக்கும் வேற வழி இல்ல, டப்பாவ வெச்சி சரிக்கட்டிக்கினு கீறேன்."

"எத சரிக்கட்டிக்கினு?" என்றாள் சோபியா.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. குடோன் லாரி, அடுத்த மாத லோடோடு, கடை வாசலில் வந்து நின்றது.

முனிரத்தினம் லாரியைக் கையால் காட்டினார். எடை மெஷினின் வயரைப் பிடுங்கி, மெஷினை அவள் பக்கம் நகர்த்தினார்.

சோபியா அதைத் தூக்கினாள். மேடம் மூட்டையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். காசிம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அதைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, டப்பாவை மட்டும் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, யாரையும் ஒன்றும் கேட்காமல் படியிறங்கி லாரியை நோக்கி நடந்தாள்.

மூட்டைகளின் மேல் சாய்ந்து படுத்திருந்த லோடுமேன் அவளைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், எழுந்து உட்கார்ந்து டிரைவர் கேபினைத் தட்டினான்.

"வண்டியத் திருப்பு நைனா. இந்தப் பொண்ணு நன்னடத்தையில கீது, வாயத் தொறக்காதுன்னு நம்பித்தான ஒரு வருசமா மூட்டைக்கு அஞ்சி கிலோ உருவிட்டு ஏத்திக்கினு வந்தோம்?"